மூன்றரை மணிக் காட்சி

இந்த ஊரில் ஒரு நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசி வரை ஒழுங்காக உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். தற்பெருமை இல்லை, சார். வாக்குமூலத்தின் முதல் வரியாகவே இதை எழுதிக்கொள்ளலாம். நாடகமோ கச்சேரியோ மேஜிக்கோ, முதல் மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே என் இருக்கையில் இருப்பேன். கைபேசியின் வாயை அடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். நடுவில் எழுந்து போகும் பழக்கம் இல்லை. மற்றவர்கள் பார்க்க வருவதில்லை. பார்த்தேன் என்று மறுநாள் சொல்லிக்கொள்ள வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கே இருந்தாய் என்று மட்டும்தான் கேட்டீர்கள். அப்பா எழுந்திருக்காமல் போன ஞாயிற்றுக்கிழமை. நான் அரங்கில் இருந்தேன். மூன்றரை மணிக் காட்சி, ஏழாவது வரிசை, ஓரத்திலிருந்து நான்காவது இருக்கை. டிக்கெட் உங்கள் மேசையில் இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பாதியில் நிறுத்துவது எனக்கு ஒத்துவராது என்பதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. அப்பா, நான், செக்கர். செக்கர் என்பது நாய். என்ன இனம் என்று அதற்கே தெரியாது. யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, பையிலிருந்து பாதம் வரை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும் என்பதால் அப்பா வைத்த பெயர். அப்பா ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். போன வருடம் அவருக்கு நினைவு கழன்றுகொள்ள ஆரம்பித்தது. எந்த வீட்டில் இருக்கிறோம், சாப்பிட்டோமா இல்லையா, அம்மா போய் நாலு வருடம் ஆயிற்று என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. குரல் மட்டும் போகவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்பார் குளியலறைக்குள் இருந்து. "இரண்டாவது நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வரும். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

அப்படியென்றால் கால்சட்டை நனைந்துவிட்டது, மாற்றிவிட வா என்று அர்த்தம். அவர் அறிவித்ததும் செக்கர் கழுத்தை நீட்டி ஊளையிடும். அது ஊளையிட்டால் வண்டி கிளம்பிவிட்டது என்று எண்ணி அப்பா அடுத்த வண்டியை அறிவிப்பார். டிக்கெட் இல்லாத நேரடி நிகழ்ச்சி. இடைவேளை கிடையாது. பார்வையாளன் ஒருவன்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா பொறுமைசாலி. படியில் பார்த்தால் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "தம்பி, காலைல உங்கப்பா ஒரு எக்ஸ்பிரஸ் விட்டாரு பாரு, நான் சட்டைக் கையைக் கொண்டுபோய் கழுத்துல வெச்சுத் தெச்சுட்டேன். பிரிக்க அரை நாள் ஆச்சு."

"சாரிக்கா."

"நீ எதுக்கு சாரி சொல்ற? நீயே பாதி ஆளாப் போயிட்ட. தூங்குறியா இல்லையா?"

காலையில் நாயை வெளியே கூட்டிப் போக வேண்டும். அது ஒரு தெருவுக்கு நான்கு கம்பம் என்று நிதானமாக வேலை பார்க்கும். அதற்குள் அப்பா விழித்துவிட்டால் அடுப்பைத் திறந்துவிடுவார். ஆகவே ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருவேன். பிறகு அவருக்குப் பல் தேய்த்துவிட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டுவேன். அதில் பாதியை அவர் மேசைக்கடியில் நாய்க்குக் கொடுப்பார். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். சட்டையெல்லாம் நாய் மயிர். கல்லூரியில் கடைசி வருடம். வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் போனேன். எட்டு மாதமாக நான் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள், ஒரு மாமியார், ஒரு வேலை. வாரம் ஒருமுறை பேசுவாள்.

"டேய், நீ வெளிய தெருவ போ. நாலு மனுஷங்க முகத்தப் பாரு. நாடகம் கீடகம்னு அலைவியே, போ. டிக்கெட் நான் எடுத்து அனுப்புறேன்."

"அப்பாவ யாரு பாத்துக்கிறது?"

"கீழ்வீட்டு அக்காகிட்ட கேளு. மூணு மணி நேரம் உக்கார மாட்டாங்களா?"

"கேக்கறேன்."

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பார். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்பது நியாயமில்லை. அக்காவிடம் மட்டும், அவங்க பாத்துக்கிறேன்னுட்டாங்க என்றேன். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்.

முதலில் போனது ஒரு மேஜிக் நிகழ்ச்சிக்கு. அப்பாவையும் செக்கரையும் உள்ளே விட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சோபாவின் ஒரு கால் இல்லை. மிதியடி ஈரமாக இருந்தது. அப்பா வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், நாய் அவர் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல்கள். கீழே இருந்தவை செக்கருடையவை. மேலே இருந்தவற்றைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

அடுத்த நாள் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சோபாக் காலின் படத்தைக் கைபேசியில் பார்த்துச் சிரித்தார்.

"இது சேட்டை இல்ல தம்பி, பயம். நீங்க போனா திரும்பி வருவீங்கன்னு அதுக்குத் தெரியாது. கதவைப் பிறாண்டும், கத்தும், இருக்கிற இடத்துலயே போயிடும். எத்தன கிலோ?"

"இருபத்திரண்டு."

"அரை மாத்திரை. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. நீங்க நிம்மதியா போயிட்டு வரலாம்."

நிம்மதியாகப் போய்வரலாம் என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மேஜிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரு முயலைக் கொண்டுவந்தார். அது மேசையில் நிற்காமல் துள்ளியது. மல்லாக்கப் படுக்கவைத்துத் தொண்டையை இரண்டு தடவை தடவிக் கொடுத்தார். நாலு காலும் தொங்க அப்படியே அடங்கிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த அம்மாள், எவ்வளவு சாந்தமா தூங்குது பாருங்க என்று கண் கலங்கினார். முயலின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மேஜிக்காரரிடம் யாரும் வாக்குமூலமும் வாங்கவில்லை. எனக்கு அது மனதில் நின்றது.

அப்பாவின் டாக்டரிடமும் நான் கேட்காமல் இல்லை. நீங்கள் விசாரித்தால் அவரும் சொல்வார். நான் வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் அவரைத் தூங்கவைக்க ஏதாவது தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். காரணமும் சொன்னார். நீளமான காரணம். கூடமாட ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு வழியில்லை என்று சொன்னதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர் மேல் தப்பில்லை.

கதவைப் பிறாண்டுவது, கத்துவது, இருக்கிற இடத்திலேயே போவது. மூன்றும் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தன. வைத்தியம் ஒருவருக்குத்தான் கிடைத்திருந்தது. நான் அவசரப்படவில்லை. நாய்க்கு இருபத்திரண்டு கிலோவுக்கு அரை என்றால் அப்பாவின் அறுபத்தொரு கிலோவுக்கு எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. வயதானவர் என்பதால் அதிலும் குறைத்து ஒன்றே கால் கொடுத்தேன். கால் மாத்திரையை உடைப்பது சுலபமில்லை. நகவெட்டியால் வெட்டினேன். செக்கருக்கு வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள். அப்பாவுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட பாலில். இரண்டு பேரும் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் செக்கர் கட்டிலுக்கு அடியிலும் அப்பா கட்டிலின் மேலும் உறங்கினார்கள். நான் விசிறியைப் போட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அப்படியே நான்கு வாரம் போயிற்று. ஒரு மேடைச் சிரிப்பு நிகழ்ச்சி. வந்தவர் ஒரு மணி நேரம் தன் பூனையைப் பற்றியே பேசினார், பூனை வந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருக்கும். ஒரு புல்லாங்குழல் கச்சேரி. ஒரு பொம்மலாட்டம். பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான நடனப் போட்டி, அதில் நடுவர் மூன்று பேரில் இரண்டு பேர் தங்கள் சொந்தக்காரர்களுக்கே கைதட்டினார்கள்.

எல்லாவற்றைப் பற்றியும் எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன். நிகழ்ச்சியைப் பற்றி நாலு வரி, தூங்குகிறவர்களைப் பற்றி நாற்பது வரி. படிக்கிறவர்கள் அதற்காகத்தான் படித்தார்கள். அரங்கில் தூங்குகிறவனைப் போல இழிந்த பிறவி இல்லை என்பது என் கொள்கை. கண்ணை மூடி ரசிக்கிறேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே போய், ஆட்டம் நின்ற இடத்தில் தூங்கிப்போகிறவர் ஒருவர் எல்லா அரங்கிலும் உண்டு. கைதட்டல் கேட்டு விழித்து, எல்லோரையும் விட ஓங்கித் தட்டுகிறவர் உண்டு. வாய் திறந்தபடி தூங்கும் ஒரு பேராசிரியரைப் பற்றி, அவர் ஒரு சொட்டுக் கலை வாயில் விழக் காத்திருக்கிறார் என்று எழுதினேன். அவர் எங்கள் துறைத் தலைவர். அதற்குப் பிறகு எனக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்காது என்று நண்பர்கள் சொன்னார்கள். கிடைக்கவில்லை.

தையல்காரம்மா ஒரு நாள் படியில் நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமையானா மேல அவ்ளோ அமைதியா இருக்கே தம்பி. உங்கப்பா தேறிட்டாரா?"

"தேறிட்டாருக்கா."

"நாயும் சத்தங்காட்டலயே."

"அதுவும் தேறிடுச்சு."

"உன் நல்ல மனசுக்குத்தான்," என்றார். நான் மறுக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. நாடகம் மூன்று மணி நேரம், நடுவில் இடைவேளை. போகவர ஒன்றரை மணி நேரம். பட்டையில் மூன்று மாத்திரைகள்தான் இருந்தன. கால்நடை மருத்துவர் விடுமுறையில் போயிருந்தார். ஒன்றே காலுக்கு அப்பா மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின வாரம் நான் கதவைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே அறிவிக்கத் தொடங்கியிருந்தார். நீளமான காட்சிக்கு நீளமான தூக்கம் வேண்டும். செக்கருக்கு அன்று கொடுக்கவில்லை. அது மனிதனில்லை, சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மூன்றையும் பொடித்துப் பாலில் கலந்தேன்.

அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை இறக்கினார்.

"கசக்குதேடா."

"மருந்துப்பா."

"யாருக்கு?"

அன்று அவர் கண் தெளிவாக இருந்தது. மாதத்தில் ஓரிரு தடவை அப்படி இருக்கும். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அடுத்த நிமிடம் போய்விடும். நான் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

"நம்ம ரெண்டு பேருக்கும்தான்பா."

"அப்ப நீயும் கொஞ்சம் குடி," என்று டம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் குடிப்பது போல உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மிச்சத்தைக் குடித்துவிட்டு, எங்கே கிளம்பிட்ட என்று கேட்டார். நாடகம் என்றேன். டிக்கெட் இருக்கா என்றார். இருக்கு என்றேன். முன்கூட்டியே போய் உட்காரு, ஓடி ஏறாத என்றார். நான் கதவைப் பூட்டும்போது செக்கர் உள்ளிருந்து ஒரு தடவை குரைத்தது.

நாடகத்தைப் பற்றி: நல்ல நாடகம். பழைய வீடு ஒன்றை விற்பது பற்றி அண்ணன் தம்பி மூன்று பேர் சண்டை போடுகிறார்கள். முற்பாதி சற்று இழுவை. பிற்பாதியில், வீட்டுக் கூரை ஒழுகும் அந்த மழைக் காட்சி இந்த வருடத்தின் சிறந்த மேடைக் காட்சி என்று எழுதியிருக்கிறேன். நிஜத் தண்ணீர், மேடை முழுக்க. தையல்காரம்மா என்னைப் பதினோரு தடவை போனில் கூப்பிட்டார் என்கிறீர்கள். உண்மைதான். நாய் கதவில் மோதிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் கத்தியிருக்கிறது. இரும்புக் கடைக்காரரைக் கூட்டிவந்து பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பைக்குள் கைபேசி நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் எடுக்கவில்லை. காட்சி நடக்கும்போது கைபேசியை எடுப்பது மேடையில் இருப்பவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. அதற்காக எனக்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன்.

ஆமாம், விமர்சனத்தை அன்றைக்கே அனுப்பினேன். மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து. ஒன்பது மணிக்குள் தர வேண்டியது. அப்பாவைப் பார்க்க விடவில்லை, வேறு வேலையும் இல்லை.

இது என்ன காகிதம், சார்?

சரி. படித்தேன். அரங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வாக்குமூலம் என்கிறீர்கள். இடைவேளையில் மழைத் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, மழை வரவில்லை, இயக்குநரே மேடைக்கு வந்து, மழை பெய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினார், நடிகர்கள் நனையாமலே நடுங்கினார்கள், கூட்டம் சிரித்தது என்று எழுதியிருக்கிறார். இடைவேளைக்கு எழுந்தவர்கள் என் முழங்காலைத் தாண்டித்தான் போனார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நான் அசையவில்லையாம். மெல்லிய குறட்டையாம். மெல்லிய என்ற சொல்லுக்காக அவருக்கு நன்றி.

மழைக் காட்சியை நுழைவாயிலில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்து எழுதினேன். விளக்கு அணைந்ததும் தூங்கிவிட்டேன், சார். அன்றைக்கு மட்டுமில்லை. புல்லாங்குழல் எந்த ராகம் என்று எனக்குத் தெரியாது. பொம்மலாட்டத்தில் எத்தனை பொம்மை என்று கேட்டால் விழிப்பேன். பூனைக்காரர் பேசியதில் முதல் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். கைபேசி நடுங்கியது எனக்குத் தெரியாது. தெரிந்தும் எடுக்கவில்லை என்று சற்று முன்பு சொன்னேன்; அதுவே கொஞ்சம் கௌரவமாகப் பட்டது.

தூங்க வேண்டுமென்றால் வீட்டிலேயே தூங்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அப்பா தூங்குகிறார், நாய் தூங்குகிறது, பக்கத்து அறையில் கட்டில் இருக்கிறது. நியாயமான கேள்வி. அதையும் ஒருமுறை செய்து பார்த்தேன், ஒரு புதன்கிழமை பகலில். படுத்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. டாக்டர் சொன்ன நீளமான காரணம் ஞாபகம் வந்தது: இந்த வயதில் இந்த மாதிரி மருந்து கொடுத்தால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும், பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். எழுந்து போய் அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. வந்து படுத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி போனேன். அன்றைக்குப் பதினெட்டு தடவை போனேன். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

அரங்கில் அந்த வேலை இல்லை. அங்கே ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் வரை அப்பா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பார்.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. செக்கரை இப்போதைக்குத் தையல்காரம்மா வைத்திருக்கிறாராம். அதற்கு இரண்டு வேளை நடை வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதி முடிக்க நேரமாகும் போலிருக்கிறது. அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள். நான் இந்த மேசையின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். கையெழுத்துக்கு மட்டும் தட்டி எழுப்பினால் போதும்.